நகக்கண்

வின்னிபெக்கில் ஜனவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
சார்ஜன்ட் அவென்யூவில் பேக்கரியை ஒட்டிய கடையில்
மரிவிக் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்,
மீன் வாங்க வந்தவள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல.

"அக்ரிலிக்கா, ஜெல்லா, ஹால்யா?"

பதினொரு வருடமாக எனக்கு அக்ரிலிக்தான்.
நான் ஓட்டும் பேருந்தின் ஸ்டியரிங்கில்
அது தட்டும் தாளத்தை வைத்தே
முன்சீட்டுக்காரர்கள் சொல்லிவிடுவார்கள்
இன்றைக்கு என்னிடம் பேசலாமா கூடாதா என்று.

தூளையும் திரவத்தையும் தூரிகை நுனியில்
உளுந்தளவு உருட்டி வைத்தால் போதும்.
விளக்கு கேட்காது. வெயில் கேட்காது.
சும்மா காற்றிலேயே இறுகிக்கொள்ளும்,
என்னைப் போல.
நெடி மட்டும் கோட்டில் ஏறி
வீடுவரை கூட வரும்.
"பெயின்ட் கடையிலா வேலை?" என்று கேட்ட மனிதர்
இப்போது வீட்டில் இல்லை.
காரணம் நெடி என்று
நான் சொல்லிக்கொள்வதுண்டு.

போன வாரம் கதவிடுக்கில் உறைந்த பனியைத்
தட்டிவிடும்போது, மோதிர விரலில் சடக்.
அக்ரிலிக் வளையத் தெரியாதது.
போகும்போது என்னிலும் கொஞ்சம்
பிய்த்துக்கொண்டு போனது.

ஜெல் வளையும், என்கிறாள் மரிவிக்.
மெல்லிசு. மணக்காது.
ஆனால் வெளிச்சம் இல்லாமல் காயாது.
ஊதா விளக்குப் பெட்டிக்குள் கையை நீட்டி
அறுபது விநாடி சும்மா இருக்கணும்.
சில சமயம் சுரீரென்று சுடும்.
சுட்டால் எடு. எடுத்துவிட்டு மறுபடி வை.

சும்மா இருப்பதுதான் எனக்கு வராதே, என்றேன்.
பிறகு, கேட்காமலே சொன்னேன்:
செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்.
பித்தப்பையில் மூன்று கல்.
நகத்தால் கிள்ளியிருக்க வேண்டியதைக்
கோடரிவரை வளர்த்துவிட்டாய் என்று
லேசியா அக்கா போனில் கத்துகிறாள்.
ஒரு விரலாவது வெறும் நகத்தோடு வரட்டும் என்றாள் நர்ஸ்.
கிளிப் மாட்டுவார்களாம்.
ரத்தத்தில் மூச்சு எவ்வளவு ஓடுகிறதென்று
அது பார்க்குமாம்.

மரிவிக் முகமூடியைக் கீழே இறக்கினாள்.
"உள்ளேயே மூணு கல் இருக்கு.
அப்போ வெளியே கல் வச்ச டிசைன் வேண்டாம்?"

சிரித்தால் வலிக்கும்.
சிரித்தேன்.

அசிட்டோன் நனைத்த பஞ்சு,
மேலே அலுமினியத் தாள்.
பத்து விரலும்
அவனில் வேகப்போகும் உருளைக்கிழங்கு மாதிரி.
இருபது நிமிடம் அவள் மகனின் ஹாக்கியைப் பற்றிப் பேசினாள்.
கோல்கீப்பராம்.
ஒரே ஆட்டத்தில் ஏழு கோல் விட்டானாம்.
"எட்டாவதைப் பிடிச்சுட்டான்" என்றாள்,
அதுதான் கணக்கு என்பதுபோல.

பிறகு சுரண்டினாள்.

ஈர வெங்காயத் தோலாய் ஒன்று.
நெடுக வரிகள்.
அடியில் பாதி எழுந்து நின்றுபோன பிறை.
விளிம்பில் சிவந்த நகக்கண்
கடைக் குழல்விளக்கில் கூசுவதுபோலிருந்தது.
எனக்கு அதைப் பழக்கமில்லை.
அதற்கும் என்னை.

ஒன்பதுக்கு ஜெல், என்றேன்.
பீட்ரூட் நிறம்.
இடது சுட்டுவிரல் அப்படியே இருக்கட்டும்.

ஊதா வெளிச்சம் உண்மையில் சுட்டது.
எடுத்தேன். வைத்தேன்.
மூன்றாம் தடவை எடுக்கவில்லை.

"கல்லை எடுத்துட்டு வா.
அந்த ஒண்ணையும் முடிச்சிடலாம்.
அக்ரிலிக்தான் வேணும்னா, அக்ரிலிக்."
யோசிக்கிறேன் என்றேன்.
இன்னும் யோசிக்கிறேன்.

செவ்வாய் காலை,
முதுகில் மூடாத பச்சை அங்கி.
கிளிப் வந்து சுட்டுவிரலைக் கவ்வியது.
அதற்குள்ளும் ஒரு வெளிச்சம், சிவப்பாய்.
அது எதையும் இறுக்கவில்லை.
நகத்தின் வழியே நுழைந்து
சதையைக் கடந்து
அந்தப் பக்கம் போய்
தொண்ணூற்றேழு என்றது.

நல்ல நிறம், என்றார் மயக்க மருந்துக்காரர்,
மற்ற விரல்களைப் பார்த்து.
பத்திலிருந்து பின்னாலே எண்ணுங்கள்.

பத்து.
ஒன்பது,
என்னும்போதுதான் உறைத்தது,
மரிவிக் ஒன்பதுக்கு மட்டுமே
காசு வாங்கியிருந்தாள்.