முரடன்

ஜூரோங், மூன்றாம் எண் குளிரறை.
இரண்டு டிகிரி.
இரவு ஷிஃப்டில் நானும் மொயினுலும்
ஏழாயிரம் பெட்டி ஆப்பிளும்.

வடக்கே எங்கிருந்தோ வந்த சரக்கு.
அதன் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை.
முரடன் என்றோம்.
தோலில் துருப்பிடித்த சொரசொரப்பு,
காம்படியில் மட்டும் கொஞ்சம் சிவப்பு,
கடித்தால் பல் கூசும்.
நாலு மாதம் கிடந்தால் இனிக்கும் என்றது
சரக்கோடு வந்த தாள்.
மைனஸ் நாற்பதிலும் கிளை வெடிக்காதாம்.
ஜனவரியில் இரண்டு நாள் வெயில் வந்து
கண்ணடித்தாலும்
மொட்டு நம்பி இளகாதாம்.

அடிபட்ட பழம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
ஐந்து விதை, ஈரத்துணி,
ஃபிரிட்ஜில் தோசைமாவுக்கும் ஊறுகாய்க்கும் நடுவே
மூன்று மாதம்.
ஒன்று முளைத்தது.

யீஷூனில் பதினோராம் மாடி வராந்தா.
ஆறு வருஷமாக
இலை, பிறகும் இலை.
"பழம் எங்கே?" என்பார் பக்கத்து வீட்டு மேடம் சியா,
துணிக்கழியை உள்ளே இழுத்தபடி.

பிறகுதான் தெரிந்துகொண்டேன்.
குளிரைத் தாங்குகிற மரம் என்பது
பாதி உண்மை.
அது குளிரை எண்ணுகிற மரம்.
ஆயிரம் மணி நேரம் எண்ணி முடித்தால்தான்
கண் திறக்கும்.
இங்கே டிசம்பர் மழையில்
இருபத்து மூன்று டிகிரிக்கே நாங்கள்
ஸ்வெட்டர் போட்டுப் படம் எடுத்துக்கொள்வோம்.
அது "ஒன்று" என்றுகூட ஆரம்பிக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை
தொட்டியைக் கறுப்புப் பையில் சுற்றி
லாரியில் ஏற்றினேன்.
மூன்றாம் அறையில் வைக்கக்கூடாது.
பழங்கள் விடும் மூச்சு பட்டால்
உறங்கும் மொட்டு கெடும்.
தாய் அங்கே, பிள்ளை இங்கே,
ஐந்தாம் அறையில், கேரட்டுகளோடு.

தாயைப் போலப் பிள்ளை என்கிற பழமொழியும்
ஆப்பிளிடம் செல்லாது.
விதையிலிருந்து வருவது யாரென்று
பழுத்த பிறகுதான் தெரியும்.
நான் காத்திருப்பது முரடனுக்கு அல்ல,
யாரோ ஒருவனுக்கு.

ஒன்பதாம் நாள் ரொஹானா பார்த்துவிட்டாள்.
சூப்பர்வைசர்.
"இது எந்த பில்லில் இருக்கு?"
"எதிலும் இல்லை."
வெப்பநிலை அட்டையைப் பார்த்தாள்.
தொட்டியைப் பார்த்தாள்.
காதிலிருந்து பென்சிலை எடுத்து
பக்கத்து அட்டைப்பெட்டியில் எழுதினாள்:
உருப்படி ஒன்று. நகர்த்தாதே.

நானூற்றுப் பதினாறாம் மணி.
ஒரு இலை மஞ்சளாகி
கேரட் மூட்டைமேல் விழுந்தது.
மொயினுல் கையுறையைக் கழற்றி எடுத்துக் காட்டினான்,
முகம் தொங்கிப்போய்.
"அண்ணே, செத்துடுச்சா?"

நகத்தால் பட்டையைக் கீறினேன்.
உள்ளே
பச்சை.

சுவரில் கோடு போட்டோம்.
இன்னும் ஐந்நூற்று எண்பத்து நான்கு.