எத்தனை வருஷத்துக்கு

ஹவல்லி, இப்னு கல்தூன் தெரு.
அஸர் தொழுகை முடிந்து
கம்ப்யூட்டர் கடைகளின் ஷட்டர் ஏறும் சத்தம்.
சட்டைப்பையில் நூற்றுப் பத்து தினார்,
ஏழு மாத ஓவர்டைம்.
அதில் பதினைந்து சுல்பிகாருடையது.
கடன்னு நெனைக்காதே, பங்கு என்கிறான்.
வியாழன் இரவு அவனுக்கு.

கிராபிக்ஸ் கார்டு ஏற்கெனவே கட்டிலுக்கடியில் கிடக்கிறது.
ஒரேயடியாக மணிலாவுக்குப் போன வெல்டர் ஒருவன்
பழைய கம்பளியில் சுற்றி
நாற்பதுக்குக் கொடுத்தது.

ததேயு அண்ணன், குளச்சல்காரர்,
கண்ணாடி மேஜையில் மூன்று டப்பாக்களை வைத்தார்.
ஏ-520. பி-550. எக்ஸ்-570.
பத்தொன்பது, முப்பத்திரண்டு, ஐம்பத்தெட்டு.
ப்ராசஸர் மூன்றிலும் உட்காரும்.
விளையாட்டு மூன்றிலும் ஓடும்.
பின்னே எதற்கு மூன்று?

நான் லிப்ட் மெக்கானிக்.
பதினாலு மாடியைத் தூக்குவது மோட்டார்தான்,
ஆனால் எந்தக் கதவு திறக்கும்
எது திறக்கவே திறக்காது என்பதை
மேலறையில் புழுதி படிந்த ஒரு பலகை தீர்மானிக்கிறது.
சால்மியாவில் ஒரு கட்டடம்,
ஏழாம் மாடிக்குப் பொத்தான் உண்டு
பலகையில் அதற்குக் கம்பி கிடையாது.
ஏழாம் மாடிக்காரர்கள் எட்டில் இறங்கி
படியில் நடக்கிறார்கள், மூன்று வருஷமாக.

ஏ-520ஐப் புரட்டிப் பார்த்தேன்.
மெலிந்த பலகை, ராமுக்கு இரண்டே குழி.
கார்டின் எட்டுத் தடமும் பழைய தலைமுறைச் சாலையில் ஓட வேண்டும்.
"நூறு பிரேமுக்கு மூணு நாலு கொறையும்,
கண்ணுக்குத் தெரியாது.
மிச்சக் காசுல கேபினெட்டும் இன்னைக்கே எடுத்துரலாம்."
விற்கிறவர் இப்படி உண்மை பேசினால்
வாங்குகிறவனுக்குத்தான் கஷ்டம்.

எக்ஸ்-570இன் சிப்செட் மேல் ஒரு குட்டி விசிறி.
அதைப் பார்த்ததும் ஜூன் மாதம் நினைவுக்கு வந்தது.
ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி செருகியும்
காலையில் தலையணையில்
விரலால் பெயர் எழுதலாம்.
இந்த விசிறி எத்தனை தூசிக்காற்று தாங்கும்?
தவிர, இருபத்தாறு தினார் என்பது
ஒரு மாத மெஸ்.

நான் பேசாமல் நிற்க, அவர் கேட்டார்:
"எத்தனை வருஷத்துக்கு?"

ப்ராசஸரை எப்போது மாற்றுவேன் என்று கேட்கிறார்.
அது புரிவதற்குள்
ரெண்டு என்று சொல்லிவிட்டிருந்தேன்.
விமான நிலையத்தில் சொன்ன ரெண்டு.
முதல் அகாமாவில் சொன்னது, நாலாவதிலும்.
நேற்று போனில் ரேணுகா கேட்டபோது சொன்னது.
வந்து பதினோரு வருஷம்.
ததேயு அண்ணன் சிரிக்கவில்லை,
அவருக்கு இருபத்திரண்டு.

"ரெண்டுன்னா ஏ போதும் தம்பி."

பி-550ஐ எடுத்தேன்.
ராமுக்கு நாலு குழி, ரெண்டு காலியாகவே இருக்கும்.
எஸ்எஸ்டிக்கும் ஓர் இடம் சும்மா கிடக்கும்.
ஏன் என்று அவர் கேட்கவில்லை.
நான் அளவு மட்டும் கேட்டேன்.
ஒரு ஜாணுக்குக் கொஞ்சம் கூட.
கைப்பையில் போகும்.

இரவு, பர்வானியா.
மேல்கட்டில்காரன் முழிக்காதபடி
லுங்கியால் வெளிச்சத்தை மறைத்து
பலகையை அதன் டப்பா மேலேயே கிடத்தி மாட்டினோம்.
கேபினெட் அடுத்த மாதம்.
பொத்தான் இல்லாததால்
ஸ்குரூ டிரைவர் நுனியால் இரண்டு முள்ளைத் தொட்டேன்.
கறுப்பு.
"ராமைப் புடுங்கி மாட்டு,
ரெண்டாவது குழி, நாலாவது குழி," என்றான் சுல்பிகார்.
மறுபடி தொட்டேன்.
விசிறி தயங்கி, சுற்றி,
திரை நீலமாக வந்து
முதல் வேலையாகத் தேதி கேட்டது.

அதற்கு எல்லாமே ஜனவரி ஒன்று,
ஏதோ ஒரு பழைய வருஷம்.
சுல்பிகார் விசையை அழுத்தி அழுத்தி
வருஷத்தை மேலே தள்ளிக்கொண்டே போனான்.
பொறு, ஒண்ணு கூடிருச்சு என்றான்.
ஒன்று குறைத்தான்.