ஆறாம் தட்டு

வால்பாறை எஸ்டேட் பங்களா ஏலத்தில் எடுத்ததென்று
உக்கடம் மைதீன் பாவா மினி லாரியில் கொண்டுவந்தார்.
எட்டடி உயரம். கணபதியில் என் பம்புசெட் பட்டறையின்
ஷட்டருக்குள் சாய்த்துத்தான் நுழைத்தோம்.
மோட்டார் கேட்டலாக் அடுக்க ஓர் அலமாரி தேடியிருந்தேன்.
இது கொஞ்சம் அதிகம்தான்.

அசல் இங்கிலீஷ் மகோகனி.
ரசீதிலும் அப்படியே எழுதியிருந்தார்.
விரல் மேலிருந்து இறங்கியது:
முடியில் உடைந்த முக்கோணம், கிரேக்கர் கோயில் முகப்பு.
கண்ணாடிச் சட்டங்கள் கூர்வளைவாய் எழுந்து
ஒன்றையொன்று வெட்டிக்கொள்வது மாதாகோயில் சன்னல்.
கீழ்க்கதவின் பின்னல் சீனம்.
காலில் பந்தைக் கவ்விய நகமும்
சீனத்து டிராகனுடையதாம்.
மரம் ஜமைக்கா. வெட்டியவர்களை
ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் அள்ளிப்போனார்கள்.

"அப்போ இதுல இங்கிலீஷ் எதுங்?"
பாவா சித்தே யோசித்தார்.
"பூட்டுங்கம்மா. சாவிதான் இல்லை."

சென்னியப்பன், வார்ப்புக்கு மரப் பேட்டர்ன் செய்கிறவர்,
மேல் விளிம்பில் வரிசை கட்டிய சின்னக் கட்டைகளை
கியர் பல் எண்ணுவதுபோல் எண்ணினார்.
"நாப்பத்தி மூணு. ஒண்ணு பொறவு போட்டது, பிட்ச் தப்புது."
மதியச் சோற்றுக்குள் ஒரு சாவியும் அராவிவிட்டார்.

உள்ளே புத்தகம் இல்லை.
பாதி கரைந்த பாச்சை உருண்டை ஒன்று.
துடைக்கத் தட்டுகளை உருவினால்
அடியில் உளிக்கீறல், தட்டுக்கு ஒன்று:
௧ ௨ ௩ ௪ ௫

துரை பேரோட சுருக்கம் என்றார் பாவா.
க, உ, ந, ச, ரு என்று
ஒரு துரையா?

காயில் சுற்றும் பொன்னுத்தாயி
செம்புக் கம்பியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.
"ஒண்ணு ரெண்டு மூணுங்க்கா.
எங்கூருத் தேர்ச் சட்டத்துல இப்படித்தான் கீறியிருக்கும்,
பிரிச்சுப் பூட்டோணுமில்ல?"

சென்னியப்பன் தட்டின் ஓரத்தை லேசாய்ச் சீவி
சுருளை மோந்தார்.
"மகோகனி இல்லீங். மதகிரி வேம்பு."

ஆக, ஆனைமலை அடிவாரத்தில் எங்கோ
ஒருவர் படப்புத்தகத்தை விரித்துவைத்து
கிரேக்கரையும் மாதாகோயிலையும் டிராகனையும்
அங்குலக் கணக்கில் இறக்கியிருக்கிறார்.
கூலி என்ன வாங்கினாரோ.

பாவா ரசீதைத் திரும்ப வாங்கினார்.
இங்கிலீஷ், மகோகனி, இரண்டையும் அடித்தார்.
'அசல்' அப்படியே இருக்கட்டும் என்றார்.
விலைப் பக்கம் பேனா போகவேயில்லை.
நானும் கேட்கவில்லை.

காடி ஆறு, தட்டு ஐந்து.
சென்னியப்பன் பிளைவுட்டில் ஒன்று அறுத்தார்.
ஆறை எப்படிப் போடுவதென்று எவருக்கும் தெரியவில்லை.
பொன்னுத்தாயிக்கும் தேரில் ஐந்துவரைதான் ஞாபகம்.
ஸ்கெட்ச் பேனாவால் 6 என்று எழுதிச் செருகினார்.

சப்மெர்சிபிள் கேட்டலாக் முழுக்க அதில்தான்.
இப்போதே நடுவில் கொஞ்சம் தொய்கிறது.