முதுகோடு முதுகு

ஹெல்வே,
உன் தோட்டம் என் பெயருக்கு வந்துவிட்டது.
ஹாப்சாலு நோட்டரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு
இன்னொரு முறை கேட்டார்:
"அவருடைய முதல் மனைவி. உங்களுக்கா?"
எனக்குத்தான்.
ஏன் என்று நீ எழுதி வைக்கவில்லை.

ஆகஸ்டு கடைசி. கடலிலிருந்து ஈரக்காற்று.
வாசல் கதவு பாதிதான் திறக்கிறது,
மீதியை ஃப்ளாக்ஸ் பிடித்து வைத்திருக்கிறது.
ஐரிஸின் தோளில் ஐரிஸ் ஏறி நிற்கிறது.
பியோனியைத் தேடினால்
ருபார்ப் இலைக்கடியில், மூச்சுக்குத் தவித்து,
மூன்றே தண்டு.
பதினோரு வருடமாக யாரும் பிரித்து நடவில்லை.
ஜூனில் மொத்தப் பாத்திக்கும் நாலு பூவாம்.
பக்கத்து வீட்டு என்டெல் எண்ணி வைத்திருக்கிறார்.

முதல் நாள் ஒன்றையும் தொடவில்லை.
யார் கூட்டிய கூட்டத்தை யார் கலைப்பது?
வேலியோரம் நின்று உன் ஆப்பிள் ஒன்றைத் தின்றேன்.
புளிப்பு.

மறுநாள் ரொட்டிக் கத்தியோடு இறங்கினேன்.
ஐரிஸ் கிழங்கு வெளிவட்டத்தில் கெட்டி, பச்சை.
நடுவில் விரல் வைத்தால்
நனைந்த ரொட்டியாய் அமுங்குகிறது.
தாய்க்கிழங்கு செத்து வெகுநாளாகிவிட்டது.
பிள்ளைகள் சுற்றி நின்று, நெருக்கியடித்து,
ஒரு பள்ளத்துக்குக் காவல்.

பகல்லில்லிக்குக் கத்தி போதவில்லை.
மண்வெட்டியின் பிடி முறிந்தது.
சத்தம் கேட்டு என்டெல் வேலிக்கு மேலே
நாலு பல் வைத்த இரும்புக் கவையை நீட்டினார்.
"ஹெல்வேயுடையது ஒன்று கொட்டகையில் கிடக்கும்.
இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்துக் குத்து.
அப்புறம் பிடிகளை விலக்கு.
ஒற்றைக் கவைக்கு அது மசியாது."

உன் கவையின் பிடியில் நீலக் கம்பளி நூல் சுற்றியிருந்தது.
என் உள்ளங்கைக்குக் கொஞ்சம் தடிமன்.
குத்தினேன், ஏறி மிதித்தேன், விலக்கினேன்.
பழைய போர்வை கிழிகிற சத்தம்.
பிரிந்தது.

வேருக்குள் ஒரு துத்தநாகத் தகடு,
ஆணியால் கீறிய உன் எழுத்து:
"மஞ்சள். 1987. ஹெய்னோ வாங்கி வந்தது.
நான் கேட்டது வேறு நிறம்."

சிரித்துவிட்டேன், ஹெல்வே,
மண்ணில் உட்கார்ந்து, சத்தமாக.
எனக்கும் அவன் அப்படித்தான்:
திரைச்சீலை, பனிக்காலச் செருப்பு,
ஆஸ்பத்திரியில் சேர்ந்த வாரம்கூட
கறுப்புக் குடை கேட்டதற்கு
ஆரஞ்சு.

மாலைக்குள் பதினேழு வாளி.
பேருந்து நிறுத்தத்தில் அடுக்கி
அட்டையில் எழுதினேன்: எடுத்துப் போங்கள்.
ஆறரை மணி வண்டியின் ஓட்டுநர் இறங்கி வந்து
இரண்டு வாளியைக் காலி இருக்கையில் ஏற்றி,
விழாமல் பெல்ட்டும் மாட்டினாள்.

மிச்சத்தை முழத்துக்கு ஒன்றாய் நட்டேன்.
பாத்தி இப்போது மொட்டையடித்த தலை.
பார்க்க நன்றாக இல்லை.
நிறம் தவறிய மஞ்சளை மட்டும்
கதவோரம் வைத்திருக்கிறேன்,
கதவு இடிக்காத தூரத்தில்.

என்டெலின் கவையை இன்னும் திருப்பித் தரவில்லை.
பியோனிக்குச் செப்டம்பர் வரட்டும் என்கிறார்.