குறிப்பு என்ற கட்டம்

வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்
எங்கள் நெல் ஆராய்ச்சி நிலையம்.
லாரிகள் நின்று சீட்டுக் காட்டிப் போகும்.
காற்று நிற்காது.

மே முப்பத்தொன்று.
பள்ளியில் சேர்க்க வாத்தியார்கள் போட்டுக்கொடுத்த பிறந்த நாட்களால்
கேரளத்தில் பாதி ஆபீஸ் இன்று ஓய்வு பெறுகிறது,
எங்கள் இயக்குநர்
டாக்டர் சூசம்மா வர்க்கீஸ் உட்பட.

"விவசாயிகளெல்லாம் தமிழ்க்காரர்கள்,
வாழ்த்துமடலை நீயே எழுது குழந்தைவேலு" என்றார்கள்.
நான் வயல் பதிவேடு எழுதுகிறவன்.
தூர் எத்தனை, உயரம் எத்தனை,
ஆயிரம் மணியின் எடை எத்தனை,
இருபத்தாறு வருஷமாய் இவ்வளவுதான் என் எழுத்து.
"வேளாண் விண்மீனே" என்று ஆரம்பித்தேன்.
எனக்கே கூச்சமாக இருந்தது. அடித்துவிட்டேன்.

கமிட்டி கொடுத்த பட்டியலில்
வெளியிட்ட ரகங்கள் நான்கு,
கட்டுரைகள் எழுபத்தொன்று,
தில்லியில் ஒரு விருது.
அதில் இல்லாத ஒரு ரகத்தைப் பற்றித்தான்
எனக்குச் சொல்ல இருக்கிறது.

வே.தா. எட்டு.
கதிருக்கு இருநூறு மணி.
மதிலுக்குள் அது நின்ற நிற்பைப் பார்த்து
கண்பட்டுவிடும் என்று நாங்களே சொன்னோம்.
நாற்பது ஏக்கருக்கு விதை கொடுத்தோம்.
பால்பிடிக்கும் நேரத்தில் ஆடி பிறந்தது.
அம்மி பறக்கும் என்பது மற்ற ஊர்களில் சொலவடை;
கணவாய்க்கு நேரே இருக்கிறவர்களுக்குத் தகவல்.
ஒரே ராத்திரி.
விடிந்து பார்த்தால் நாற்பது ஏக்கரும்
பாய் விரித்த மாதிரி
கிழக்கே தலைவைத்துப் படுத்திருந்தது.

எருத்தேம்பதி ஆறுச்சாமி
சேறு வழிய ஒரு கட்டைத் தூக்கிவந்து
மேடத்தின் மேஜைமேல் போட்டார்.

மேடத்துக்கு ஒரு வார்த்தை உண்டு: சாரமில்லை.
சம்பளம் தாமதமா, சாரமில்லை.
ஜீப் பஞ்சரா, சாரமில்லை.
மலையாளத்தில் அதற்குப் பரவாயில்லை என்று பொருள்.
தமிழ்க் காதில் சத்தில்லை என்று விழும்.
இந்த இரண்டுக்கும் நடுவில்தான்
எங்கள் ஊரே குடியிருக்கிறது.
அன்றைக்கு அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை.

வழக்கத்துக்கு மீறிய காற்று என்று எழுதலாம்,
உரத்தைக் கொட்டிவிட்டார்கள் என்று எழுதலாம்;
மேலிடத்தில் அப்படித்தான் எழுதச் சொன்னார்கள்.
என் பதிவேட்டை வாங்கி
குறிப்பு என்ற கட்டத்தில்
எழுத்துக்கூட்டித் தமிழில் எழுதினார்:
"மதிலுக்குள் சோதித்தோம்.
காற்றைக் கேட்கவில்லை.
தவறு என்னுடையது."
அதையே எல்லோர் முன்னாலும் படித்தார்.
யாரும் கைதட்டவில்லை.
ஆறுச்சாமி ஏசிக்கொண்டேதான் போனார்.
நஷ்டஈடு வர மூன்று வருஷம் ஆனது,
அதுவும் பாதி.

மேற்கு மதிலை இடித்தோம்.
பனையின்மேல் காற்றுமானி ஏறியது.
பிறகு ஒன்பது ஆடி.
குட்டைத் தண்டு, கெட்டிக் கணு,
கதிருக்கு நூற்றிருபது மணிதான்.
விருதுக்காரர்கள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.
ஆறுச்சாமி விதைக்கு வந்து வரிசையில் நின்றார்.
பேசவில்லை.
மூட்டையைத் தோளில் ஏற்றியவர்
வாசலில் ஒருமுறை நின்று
பனையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்.

இன்று மேடை. மந்திரி வரவில்லை.
நான் மடலைப் பிரித்ததும்
பிளக்ஸ் பேனர் ஒரு கயிற்றை அறுத்துக்கொண்டது.
போர்த்திய பொன்னாடை தோளைவிட்டு எழும்பியது.
எல்லோரும் பேனரைப் பிடிக்க ஓட,
மேடம் கேட்டார்:
"குழந்தைவேலு, எத்ர?"

படிக்காத மடலைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு
பனைக்கு ஓடினேன்.

பதிவேட்டில் இன்றைய வரி:
மே 31. மாலை நாலு பத்து.
மேற்குக் காற்று, மணிக்கு நாற்பத்திரண்டு.
நட்டுப் பதினாறு நாள். பயிர் சாயவில்லை.
குறிப்பு:
இயக்குநர் கேட்டதால் பார்த்தது.
நாளையிலிருந்து
கேட்காமலே பார்க்க வேண்டும்.