அரைக் குளிசை

முதலில் பெருவிரல்.
பிறகு சுட்டுவிரலும் சேர்ந்து
இல்லாத காசை எண்ணத் தொடங்கினது.
கச்சேரியில் முப்பத்தொரு வருசம் தட்டச்சு அடிச்ச கை,
ஓரெழுத்துப் பிழைச்சால்
நாலு பிரதியும் பழுதெண்டு பயந்து பழகின கை.

பெரியாஸ்பத்திரியில் நூற்றுப் பதினேழாம் இலக்கம் எனக்கு.
டொக்டர் ஷாமினி சின்னப்பிள்ளை.
கதவுவரை நடந்து திரும்பச் சொல்லி
என்ர எட்டுகளை எண்ணினா.
"மூளையில ஒரு ரசம் வத்துது அன்ரி.
இந்தக் குளிசை அந்த ரசம் இல்லை,
அதுமாதிரி நடிக்கும்.
கதவு ஏமாந்து திறக்கும்."

பிரமிபெக்ஸோல்.
பேரைச் சொல்லிப் பழகவே மூண்டு நாள்.

ஆறாம் கிழமை
சட்டைப் பொத்தான் ஒரே தரத்தில் பூண்டது.
மீன் வெட்டினன்.
பெனடிக்ற் பக்கத்தில் நிண்டு
கத்தியைப் பாராமல் என்ர முகத்தைப் பார்த்தார்.
ஊசியில நூல் கோத்தன்,
கோத்ததை உருவிப்போட்டுத் திரும்பவும் கோத்தன்,
சும்மா, பார்க்க.

கதவு ஏமாந்து திறந்ததுதான்.
உள்ளுக்குப் போனது ஆரெண்டுதான் தெரியாது.

பஸ் ஸ்ராண்டுக்கு எதிரே லொத்தர்ப் பெட்டி.
ஒருநாளும் ஒரு சீட்டு வாங்காதவள்
"ஒண்டு தா தம்பி" எண்டன்.
அடுத்த கிழமை ஏழு.
பிறகு கணக்கில்லை.

விழவேணும் எண்ட ஆசை இல்லை.
இதைத்தான் ஒருத்தருக்கும் விளங்கப்படுத்தேலாது.
சுரண்டுற அந்த அரை நிமிசம்,
வெள்ளித்தூள் நகத்துக்குள்ள ஏறுற நேரம்,
உடம்பு முழுக்க ஒரு வெளிச்சம்.
விழாட்டியும் வெளிச்சம்தான்.
கை நடுங்கவேயில்லை.

பென்சன் பன்னிரண்டாம் திகதியோட முடிஞ்சுது.
காப்பு ரெண்டும் கன்னாதிட்டியில.
மாரிக்கு முன்னம் கூரை மாத்த வைச்ச காசு
சீட்டுச் சீட்டாய்த் தையல் மெசின் லாச்சிக்குள்ள.
பாவசங்கீர்த்தனத்திலயும் சொல்லேல்லை.
குளிசை செய்த பாவத்துக்கு
ஆர் முழங்காலில நிக்கிறது?

லாச்சியைத் திறந்தவர் பெனடிக்ற். ஊசி தேடி.
ஏசேல்லை.
கதிரையை இழுத்துப் போட்டு
விடியும்வரை ஒவ்வொரு சீட்டாய்ப் பார்த்தார்.
காலமை தேத்தண்ணியோட சொன்னார்:
"ஒண்டு விழுந்திருக்கு. நாப்பது ரூபா.
நீர் கவனிக்கேல்லை."

"புதுசா ஏதும் பழக்கம் வந்ததோ அன்ரி?
சூது, கண்டபடி சாமான் வாங்கிறது?"
போன தரமும் டொக்டர் கேட்டவதான்.
அப்ப நான் சிரிச்சனான்.
இந்தத் தரம் பெனடிக்ற் சுவரில இருந்த பல்லியைப் பார்த்தார்.
"லொத்தர்" எண்டன்.

அவ பேனையை வைக்கவுமில்லை.
"அது உங்கட குணமில்லை, மருந்தின்ர குணம்."

ஆறுதல்தான்.
எண்டாலும் பொத்தான் பூட்டினது?
ரெண்டு தரம் நூல் கோத்த சந்தோசம்,
அது ஆற்ற கணக்கில?
கேக்க வாயெடுத்தன்.
பின்னால நூற்றுப் பதினெட்டு
தடியூண்டி நிண்டது.

இப்ப அரைக் குளிசை.
அடுத்த மாசம் கால். பிறகு வேற ஏதோ.
திகதி கிழிச்ச கலண்டர்த் தாளில வைச்சு
பெனடிக்ற் பிளேட்டால வெட்டுறார்.
சிந்தின தூளை விரலில ஒத்தி
"நாக்கை நீட்டும்" எண்டுறார்.
கஸ்தூரியார் றோட்டால சுத்திப் போறம்;
ஒலிபெருக்கி அங்கையும் கேக்குது,
நாளைய அதிஷ்டசாலி நான்தானாம்.

பெருவிரல் வந்திட்டுது.
மீன் வெட்டுறது அவர்.
மடியில கிடந்து கை எண்ணுது,
ஆற்ற காசெண்டு தெரியாமல்
எண்ணி முடியாமல்.

அந்த நாப்பது ரூபாச் சீட்டு
கிளினிக் கொப்பிக்குள்ள கிடக்கு.
ஆறு மாசத்துக்குள்ள மாத்தவேணுமாம்.
மாத்தப் போறது பெட்டியடிக்குத்தான்.
இன்னும் பதினொரு நாள்.
அவருக்கும் தெரியும்.