தாவல் அகலம்

மண்டபம் வடக்கு இறங்குதளத்துக்கும்
விசைப்படகின் விளிம்புக்கும் இடையே
ஒரு முழம் தண்ணீர், ஏறுகிறது, இறங்குகிறது.
"அது நிக்கும்போது காலை வைங்க" என்கிறார் கித்தேரியான்.
வாடைக் காற்றில் அது எப்போது நின்றது?
தோளில் மடிக்கணினி, பல்லிடுக்கில் ஸ்க்ரூடிரைவர்,
கண்ணை மூடிக்கொண்டு தாவினேன்.

புது என்ஜினுக்கு மூளை வைத்திருக்கிறார்கள்.
முறுக்கிய இரண்டே கம்பியில், மஞ்சளும் பச்சையும்,
சூடு, ஆயில் பிரஷர், சுற்று என்று
ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது.
மேல்கூண்டுத் திரைக்கு அந்தப் பேச்சு புரியாது.
நடுவில் உட்கார நான் கொண்டுவந்தது
சோப்புக்கட்டி அளவில் ஒரு கன்வெர்ட்டர்.

நொடிக்கு இரண்டரை லட்சம் பிட்.
பிட் ஒன்றுக்கு நாலு மைக்ரோநொடி.
அந்த நாலையும் பதினாறாய்க் கூறு போட்டேன்:
முதல் கூறு, ஒத்துச் சேர.
அடுத்த பதிமூன்றும்
கம்பியின் தூரத்துக்கும் தளும்பலுக்கும்.
தளும்பல் அடங்கிய அந்த இடத்தில்
கண் திறந்து பார்: ஒன்றா, பூஜ்யமா.
மிச்சம் இரண்டு, பிந்தி வருகிறவனுக்காக.
தாவல் அகலம்: ஒன்று.

சேமித்தேன். செருகினேன்.
சிவப்பு விளக்கு.
கூடவே என்ஜினின் சொந்த மீட்டரும் படுத்துவிட்டது.
"நல்லா இருந்ததையும் கெடுத்துட்டீங்களே!"
என் பெட்டி, தனக்குப் புரியாத ஒவ்வொரு சொல்லையும்
தப்பு தப்பு என்று கத்தி அழித்துக்கொண்டிருந்தது.
தானும் பேசப்போய்,
பிழைக் கணக்கு இருநூற்று ஐம்பத்தைந்தைத் தாண்டி,
விதிப்படி வாயைக் கட்டிக்கொண்டது.
உடனே மீட்டர் முள் எழுந்தது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கம்பியை அளந்தேன்: அறுபது ஓம்.
அதன்மேல் குற்றமில்லை.
கீழறையில் ஐஸ் உருகுகிறது.
"டோக்கன் எட்டு மணிவரைக்கும்தான்" என்று
கரையிலிருந்து ஜெயமாலன் மூன்றாம் முறை.

பெட்டியைப் பிளந்தேன்.
அரிசியளவு படிகத்தின் முதுகில்
எழுதியே இருந்தது: எட்டு மெகா.
என் நிரலோ பதினாறென்று நம்பியிருந்தது.
கூறு போட்டதில் பிசகில்லை,
அளந்த படிதான் வேறு.
என் நாலு மைக்ரோநொடி
இங்கே எட்டாக நீண்டுகொண்டிருந்திருக்கிறது.

வகுக்கும் எண்ணை நாலிலிருந்து இரண்டாக்கினேன்.
இந்த முறை முதலில் 'கேட்க மட்டும்'.
பதில் கிடையாது, தலையாட்டல்கூடக் கிடையாது.
முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாம்.
புத்தகத்தில் மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது.

பூஜ்யம் என்ற முகவரியிலிருந்து என்ஜின் வந்தது.
நூற்றுப் பதினெட்டு.
நாற்பதைக் கழித்தால் எழுபத்தெட்டு டிகிரி.
பச்சை விளக்கு.
கித்தேரியான் குனிந்து குழாயைத் தொட்டுப் பார்த்தார்.
"ஆமா, சூடாத்தான் இருக்கு."
எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.
"ராத்திரி நான் மேல நிப்பேன், கை கீழ எட்டாது.
போன வருசம் அப்படித்தான் ஹெட்டு வெடிச்சுது."

கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்.
இடைவெளி இப்போது ஒரு முழம் இல்லை,
இரண்டு இருக்கும்.
முழங்கால் சிராய்த்துக்கொண்டு தளத்தில் விழுந்தேன்.
படகு திரும்பிய பிறகுதான் உறைத்தது,
ஸ்க்ரூடிரைவர்
என்ஜின் மூடிமேலேயே கிடக்கிறது.